யாழ்ப்பாணத்தில் ஆரோக்கிய உணவுக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உயர்தர மாணவர்களுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் என் தங்கையின் கடையில் நிற்பேன். குரக்கன் மா, காயவைத்த பனங்கிழங்கான ஒடியல், புழுக்கொடியல், சிவப்பரிசி, எள்ளுருண்டை, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள் விற்கும் சின்னக் கடை. இதே தொழிலில் இறங்க நினைப்பவர்கள் எங்களிடம் வந்து கேட்பவற்றையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் உள்ள வணிகச் சூழல் பகுப்பாய்வு கடை மேசையில் எப்படிப் பயன்படும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

சின்னக் கடைக்குத் தந்திரோபாய முகாமைத்துவம் தேவையா? அது பெரிய கம்பனிகளின் வேலை அல்லவா?

பெரிய கம்பனி ஒரு பிழை விட்டால் அடுத்த வருடக் கணக்கில் அதைச் சமாளித்துவிடும். சின்னக் கடையில் ஒரு கொள்முதல் பிழையாகப் போனால் வீட்டு நகை அடகுக்குப் போகும். ஆகவே யோசித்து நடக்க வேண்டிய தேவை சின்னக் கடைக்குத்தான் கூட.

சொல் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. எதை விற்கப் போகிறோம், யாருக்கு விற்கப் போகிறோம், எதை விற்காமல் விடப் போகிறோம் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் தந்திரோபாயம் இருக்கிறது. மூன்றாவது பதில்தான் கஷ்டம். எங்கள் கடை திறந்த வருடம் அறுபது வகைச் சாமான் அடுக்கினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது காசு தந்தவை பதினேழு. மற்றவை இறாக்கையில் காலாவதித் திகதியை எண்ணிக்கொண்டிருந்தன. பதினேழு என்ற எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கொப்பியும் ஆறு மாதமும் செலவாயின. அந்தக் கொப்பியை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

புறச்சூழலைப் பார் என்கிறார்கள். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம் என்று நான்கு பக்கமாகச் சூழலைப் பார்க்கும் முறை 1967இல் பிரான்சிஸ் அகிலார் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் எழுதியதிலிருந்து வளர்ந்தது. பிறகு சட்டத்தையும் இயற்கைச் சூழலையும் சேர்த்து ஆறாக்கினார்கள். என் மாணவர்கள் ஆறு தலைப்பையும் போட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி எழுதிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். கடைக்கு அது போதாது. ஒவ்வொரு தலைப்பின் கீழும், "இது மாறினால் என் கடையில் எந்தச் சாமானின் விலை மாறும், எந்த வாடிக்கையாளர் வராமல் விடுவார்?" என்று எழுதுங்கள்.

2021, 2022ஐ எடுத்துப் பார்ப்போம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த வருடம் நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. அது அரசியல் என்ற தலைப்பு. ஆனால் எங்களுக்கு வந்த பாதிப்பு வேறு வழியால் வந்தது. தயாராகாத நிலையில் சேதன முறைக்கு, அதாவது இயற்கைப் பசளைக்கு, தள்ளப்பட்ட கமக்காரர்களுக்கு அந்தச் சொல்லே கசந்துவிட்டது. "சேதன முறையில் பயிரிட்டுத் தாருங்கள், கூட விலை தருகிறோம்" என்று நாங்கள் போய்க் கேட்டபோது பழைய ஆட்களே முகத்தைத் திருப்பினார்கள். அந்த நம்பிக்கையை மீட்க எங்களுக்கு இரண்டு போகம் எடுத்தது.

அடுத்தது பொருளாதாரம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், உணவுக்கு மட்டும் 90ஐத் தாண்டியது. ஓட்ஸ், சியா விதை, ஒலிவ் எண்ணெய் எல்லாம் எங்கள் வாடிக்கையாளரின் கைக்கு எட்டாமல் போயின. அதே நேரம் கோதுமை மாவும் பாணும் விலையேற, குரக்கனும் ஒடியலும் கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். ஒரே புயல் ஒரு இறாக்கையைக் காலியாக்கி மற்ற இறாக்கையை உறைய வைத்தது. எது எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டி எழுதி வைத்திருந்தவருக்கு ஓட்ஸில் காசு முடங்கியிருக்காது.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2022 மே வரை 8 சதவீதம். பிறகு 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. சின்னக் கடை அந்த வரிக்குப் பதிவுசெய்யும் அளவு விற்பனை செய்யாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் வாங்கும் பொதி உறை, லேபல் அச்சு, போத்தல் எல்லாவற்றின் விலையிலும் அது உட்கார்ந்திருக்கும்.

சமூகத் தலைப்பில் யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. என் அனுபவத்தில் கடையின் விதியைத் தீர்மானிப்பதும் இதுதான்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தை அனுபவித்தவர்களுக்குப் பனங்கட்டி கடித்துக் குடித்த வெறுந்தேநீர் ஒரு நினைவு. சீனி கிடைக்காத காலம் அது. ஒடியற்பிட்டும் குரக்கன் கஞ்சியும் அவர்களில் சிலருக்கு வறுமையின் சுவை. எழுபது வயது ஐயா ஒருவர் எங்கள் கடையில் புழுக்கொடியல் பொதியைக் கையில் எடுத்து, அதன் விலையைப் பார்த்து, "இதுக்கு இவ்வளவா?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. வியப்பும் கொஞ்சம் வலியும் இருந்தன. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அதே புழுக்கொடியல் புதுப் பொருள். அவளுக்கு அது நார்ச்சத்து, சிற்றுண்டி, ஊர்ப் பெருமை.

ஒரே பொருளை இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையால் விற்க முடியாது. ஐயாவுக்கு "நல்ல காய்ச்சல், கிழங்கு பளையில் எடுத்தது" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர் கையால் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பிள்ளைக்கு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்க்கலாம் என்றதும் அவள் கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் உண்மையான போட்டியாளர் யார்? ஆஸ்பத்திரி வீதிச் சுப்பர் மார்க்கெட்டா?

பலரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய போட்டியின் ஐந்து விசைகளை வைத்துப் பாருங்கள். இருக்கும் போட்டியாளர், புதிதாக வரக்கூடியவர், பதிலீட்டுப் பொருள், வாங்குபவரின் பேரம், வழங்குபவரின் பேரம் என்பவை அவை. எங்கள் தொழிலில் ஐந்தில் மிகக் கனமானது பதிலீடு. அந்தப் பதிலீடு இருக்கும் இடம் வாடிக்கையாளரின் சொந்த வீடு.

யாழ்ப்பாணத்தில் இன்றும் பல வீடுகளில் அம்மாவோ பெரியம்மாவோ அரிசியை ஊறவைத்து மில்லில் கொடுத்து இடித்து வறுத்து வைக்கிறார். ஊரில் இருக்கும் மாமி எள்ளுருண்டை செய்து அனுப்புகிறார். முற்றத்தில் முருங்கை நிற்கிறது. இவற்றுக்கு விலை இல்லை, நம்பிக்கை முழுமையாக இருக்கிறது. இதற்கு மேல், கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அரசாங்கம் 1970களிலிருந்து இலவசமாகத் தரும் திரிபோஷா என்ற சத்துமா இருக்கிறது. சத்துமா விற்க நினைப்பவர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டில் செய்ய முடியாதது எது என்று தேட வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரம் இல்லை. வாடகை அறையில் இருக்கும் மாணவருக்கு உரலும் முற்றமும் இல்லை. தனித்து வாழும் வயதானவருக்குக் கை வலி. நீங்கள் விற்பது மாவை அல்ல, இவர்கள் இழந்த அந்த வேலை நேரத்தை. மாமி செய்தது போலவே இருக்க வேண்டும் என்பதுதான் தரத்தின் அளவுகோல். மாமியின் மாவைவிட மோசமாக இருந்தால் ஒருமுறை வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

சுப்பர் மார்க்கெட்டோடு விலையில் மோதாதீர்கள். அவர்கள் கொழும்பில் மொத்தமாக வாங்குகிறார்கள். போன கிழமை அரைத்த மா அவர்களிடம் இருக்காது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்டது, அதன் விற்பனை நிலையங்களும் இங்கே உண்டு. பனம்பொருளில் அவர்களைப் போட்டியாளராகப் பார்ப்பதைவிட, கைதடியில் இருக்கும் பனை ஆராய்ச்சி நிறுவனத்தில் போய் உலர்த்தல், பொதியிடல் பற்றிக் கேட்டறிவது பயன் தரும்.

"சலரோகத்துக்கு நல்லது" என்று லேபலில் எழுதலாமா? எல்லாரும் எழுதுகிறார்களே?

எழுதாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சட்டக் காரணம் முதலில். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் லேபலையும் விளம்பரத்தையும் தடுக்கிறது. உணவு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பது உங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் முன் நிறுத்தும். நுகர்வோர் அதிகாரசபைக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதிகாரம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் உண்மை. குரக்கன் நல்ல தானியம். 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதன் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் மாச்சத்து. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இரத்தத்தில் வெல்லம் விரைவாகவே ஏறும். "குரக்கன்தானே" என்று இரண்டு கோப்பை குடிப்பவருக்கு நாம் தீங்கு செய்கிறோம். பனங்கட்டி இன்னும் மோசமான உதாரணம். அதில் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது சீனியில் இருப்பதேதான். சுவையும் கொஞ்சம் கனியுப்பும் கூட இருக்கலாம். அதைச் சலரோகக்காரருக்கு "பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று விற்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும். எங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியோடு வருபவர்கள்.

தங்கை என்ன செய்கிறாள் தெரியுமா? பனங்கட்டிப் பெட்டிக்கு மேலே, "இதுவும் சீனிதான். சலரோகம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டு அளவாக எடுங்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். விற்பனை கொஞ்சம் குறைந்தது. பதிலுக்கு வேறொன்று நடந்தது. அந்த அட்டையை வாசித்தவர்கள் அவள் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் நம்பத் தொடங்கினார்கள்.

அப்படியானால் லேபலில் என்னதான் போடுவது?

பொருளின் பெயர், சேர்பொருட்கள், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவரின் பெயரும் முகவரியும். பிறகு சமைக்கும் முறை. ஒடியல் மாவுக்கு இது கட்டாயம் என்பேன். மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பு நீரை வடித்த பிறகே கூழுக்கோ பிட்டுக்கோ எடுப்பது நம் வழக்கம். அது தெரியாத இளம் பிள்ளை பொதியை உடைத்து அப்படியே அவித்தால் கசக்கும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, உங்கள் கடைப் பக்கம் இனித் தலைவைக்காது.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் நிரப்பினேன். ஒன்றும் விளங்கவில்லையே?

நிரப்பியதில் "தரமான பொருள், நல்ல சேவை" என்று எழுதியிருப்பீர்கள். பக்கத்துக் கடைக்காரரும் அதையே எழுதுவார். முகாமைத்துவப் பேராசிரியர் ஜே பார்னி 1991இல் ஒரு சல்லடை தந்தார். உங்கள் பலம் பெறுமதி உள்ளதா, அரிதானதா, மற்றவர் பார்த்துச் செய்யக் கடினமானதா, வேறொன்றால் ஈடுசெய்ய முடியாததா என்று கேளுங்கள்.

எங்கள் கடையை இந்தச் சல்லடையில் போட்டோம். கடை அலங்காரம் விழுந்துபோனது, யாரும் செய்யலாம். முகநூல் பக்கமும் விழுந்தது. கடைசியில் நின்றது ஒன்றுதான். தீவுப்பகுதியிலும் பளையிலும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் முதல்தரப் புழுக்கொடியலை எங்களுக்கு எடுத்து வைக்கின்றன. காசை அன்றைக்கே கொடுத்ததும், ஒரு மழை வருடத்தில் பழுதான சரக்கின் நட்டத்தில் பாதியை ஏற்றதும் அதற்குக் காரணம். அந்த உறவை வேறு கடை ஒரு மாதத்தில் உண்டாக்க முடியாது. ஆகவே கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் பெயர்ப்பலகைக்குப் போடாமல் அங்கேதான் போடுகிறோம்.

பொருள் வருடம் முழுக்கக் கிடைக்குமா?

கிடைக்காது. இது தெரியாமல் தொடங்குபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு அந்த நேரத்தில்தான். விதை பாத்தியில் போய், கிழங்கு தை, மாசியில் வரும். அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். காலபோக நெல்லும் தை, மாசியில்தான் வெட்டப்படும், மொட்டைக்கருப்பன் அரிசி கேட்டு வருபவருக்கு அப்போதே வாங்கிக் கட்ட வேண்டும். ஆக வருடத்துக்கான கொள்முதலில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்துக்குள் நடக்கிறது. விற்பனையின் உச்சமோ நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதையொட்டிய விடுமுறையும். இடையில் ஐந்து மாதம் உங்கள் காசு சாக்குக்குள் தூங்கும். அந்த ஐந்து மாதத்துக்குக் கைமாற்றுக் காசு எங்கிருந்து வரும் என்று எழுதாத திட்டம் திட்டமே இல்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஈரம்தான் எதிரி. மாவை முன்கூட்டி அரைத்து வைக்காமல் தானியமாக வைத்து, கிழமைக்கு ஒருமுறை அரையுங்கள். சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கச்சானில் பூஞ்சணம் கண்டால் பொறுக்கி எடுத்து மிச்சத்தை விற்க நினைக்காதீர்கள். அஃப்லரொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முற்றாகப் போகாது. முழுச் சாக்கையும் எறியுங்கள்.

விலையை எப்படிப் போடுவது?

கற்பனைக் கணக்கு ஒன்று தருகிறேன். 100 கிலோ குரக்கன் கிலோ 400 ரூபாய்க்கு வாங்கினால் 40,000. ஏற்றுக்கூலி 2,000. கழுவி அரைக்க 3,000. மொத்தம் 45,000. கல்லும் தூசியும் போய், சலித்து, கையில் வருவது 90 கிலோ என்று வைப்போம். கிலோ அடக்கவிலை 450 அல்ல, 500. பலர் 100ஆல் வகுத்து அங்கேயே நட்டப்படுகிறார்கள். இதற்கு மேல் உறை, லேபல், கடை வாடகை, மின்சாரம், விற்காமல் திரும்பும் பங்கு, உங்கள் சொந்தச் சம்பளம். கடைசியாகச் சொன்னதைப் போடாமல் விடுபவர்கள் தங்கள் உழைப்பை வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள்.

ஓட்ஸ், கினோவா போன்ற வெளிநாட்டுச் சாமானும் வைக்க வேண்டுமா?

கேட்டு வருபவர் இருந்தால் ஒரு இறாக்கை, அதற்கு மேல் வேண்டாம். டொலர் ஏறும் நாளில் அதன் விலையை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்புவது நல்ல வியாபாரமா?

நல்ல வாய்ப்பு, ஆனால் தனித் தொழில். கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் ஆடி, ஆவணியில் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் கொண்டுபோவது ஒன்று. அதற்குத் தடித்த உறை, நன்றாக மூட்டிய பொதி, ஒரு கிலோவுக்குப் பதிலாக அரைக் கிலோ போதும். அங்கிருந்து கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் கேட்பது வேறு. அங்கே அந்தந்த நாட்டு உணவுச் சட்டம், ஆய்வுகூடச் சான்று, ஒரே மாதிரித் தரம் எல்லாம் வரும். முதலாவதில் மூன்று பருவம் பழகிவிட்டு இரண்டாவதைப் பாருங்கள்.

இரண்டாவது கிளை திறக்கலாமா?

முகாமைத்துவ அறிஞர் இகோர் அன்சொஃப் 1957இல் வளர்ச்சிக்கு நான்கு வழி காட்டினார். இருக்கும் சந்தையில் இருக்கும் பொருளைக் கூட விற்பது, இருக்கும் பொருளோடு புதுச் சந்தைக்குப் போவது, இருக்கும் சந்தைக்குப் புதுப் பொருள், இரண்டும் புதிது. கடைசி வழியில் ஆபத்து கூட. சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ கடை திறக்கும் காசில், இருக்கும் கடையில் இலைக்கஞ்சியைக் காலையில் சுடச்சுட விற்றுப் பாருங்கள். வருபவர் அதே ஆட்கள்தான், ஆனால் தினமும் வருவார்கள்.

என்னென்ன பதிவு வேண்டும்?

வணிகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். வியாபார உரிமம் உங்கள் பகுதி மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ. தராசுக்கு அளவீட்டுத் திணைக்கள முத்திரை. கடை திறக்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள். பிறகு சுவர் உடைக்கும் செலவு வராது.

திட்டத்தை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்பது?

பெரிய திட்டத்தை வருடத்தில் இரண்டு முறை, மாசியில் கொள்முதலுக்கு முன்னும் ஆவணித் திருவிழா முடிந்ததும். சின்னக் கொப்பியை ஒவ்வொரு ஞாயிறும். அதில் நாங்கள் மூன்று நிரல் வைத்திருக்கிறோம்: விற்றது, பழுதானது, கேட்டு இல்லாமல் போனது. மூன்றாவது நிரலைத்தான் நான் முதலில் வாசிப்பேன். போன வருடம் அதில் ஒரே கிழமையில் நான்கு இடத்தில் "சின்னப் பக்கற்" என்று தங்கை எழுதியிருந்தாள். நான்கு பேரும் தனியே இருக்கும் வயதான அம்மாமார். ஒரு கிலோ மா வாங்கினால் முடிக்க முன் வண்டு வந்துவிடுகிறதாம். 200 கிராம் பொதி போட்டோம். உறைச் செலவு கிலோவுக்குக் கூடியது, விலையையும் அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டினோம். இப்போது அந்த அம்மாமார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் வழியில் ஆளுக்கு ஒரு பக்கற் வாங்கிக்கொண்டு, அரை மணித்தியாலம் கடை வாங்கில் இருந்து கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.